அக்ரிலிக் பல்செட்டா, பிரிண்டர் பல்செட்டா: ஈறில் எது சரியாகப் படிகிறது?

மேல்தாடை முழுப் பல்செட்டைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது அண்ணத்தின் பின்விளிம்பு. பல்லின் நிறமும் வரிசையும் அதற்குப் பிறகுதான். அந்த விளிம்பு வழியே காற்று புகுந்தால் செட்டின் பிடிப்பு போய்விடும். இருமினாலே கீழே இறங்கும்.

பழைய முறைக்குத் தலைவலி தரும் இடமும் அதுவே. அக்ரிலிக் பொடியையும் மோனோமர் திரவத்தையும் கன அளவில் 3:1 எனக் கலந்து, மாவுப் பதம் வந்ததும் ஃபிளாஸ்க் என்ற அச்சுப்பெட்டியில் அடைத்து வேகவைக்கிறார்கள். மோனோமர் மட்டும் இறுகினால் ஏறக்குறைய 21% சுருங்கும். பொடி சேர்ந்த கலவையில் அது 7% அளவுக்கு இறங்குகிறது. வெந்த செட் ஆறும்போது இரு பக்க ஓரங்களும் உள்ளே இழுபட, அண்ணத்தின் பின்நடுப்பகுதி, வாயின் அச்சில் வார்த்த மாதிரியை விட்டு மேலெழும்புகிறது. இதைச் சரிக்கட்டவே மாதிரியில் அந்த இடத்தை முன்கூட்டியே லேசாகச் சுரண்டிவிடுவார்கள். 74 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரமாவது வைத்து, ஃபிளாஸ்கை மேசையிலேயே மெல்ல ஆறவிடும் லேபின் வேலை நன்றாகப் படியும். எடுத்த எடுப்பில் கொதிநீரில் போட்டால் தடித்த இடங்களில் மோனோமர் கொதித்துக் குமிழி விழும். சூட்டோடு குளிர்நீரில் முக்கினால் செட் கோணிக்கொள்ளும்.

முப்பரிமாணப் பிரிண்டரில், ஒளிபட்டால் இறுகும் ரெசின் திரவம் பெரும்பாலும் 50 அல்லது 100 மைக்ரான் அடுக்குகளாக இறுகுகிறது. நன்றாகச் செய்தால் பழைய முறைக்கு நிகராகவே ஈறில் உட்காரும். ஆனால் அந்த அடுக்குக் கணக்கைத் துல்லியத்தின் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரிண்டரிலிருந்து இறங்கும் செட் பாதி இறுகிய நிலையில்தான் இருக்கும். கழுவும் ஆல்கஹாலில் அதிக நேரம் ஊறினாலோ, முழுதாக இறுக ஒளிப்பெட்டியில் வைக்கும்போது சரியான தாங்கல் இல்லாவிட்டாலோ வளைந்துவிடும். எந்தக் கோணத்தில் நிறுத்தி அச்சிட்டார்கள் என்பதும் முக்கியம். தாங்குகால்கள் ஈறில் படும் பக்கத்தில் முளைத்திருந்தால், அவற்றைத் தேய்க்கும்போது அளவும் சேர்ந்து தேய்ந்துபோகும். பற்களைத் தனியாக அச்சிட்டு ஒட்டும்போது குழியில் முழுதாக அமராத ஒரு பல் போதும், கடி உயர்ந்துவிடும். (பழைய முறையிலும் ஃபிளாஸ்க் முழுதாக மூடாவிட்டால் இதே கோளாறு வரும்.)

ஈறில் படிவதை மட்டும் அளவுகோலாக வைத்தால் முதலிடம் இந்த இரண்டுக்கும் இல்லை. முன்பே இறுகிய அக்ரிலிக் வட்டிலிருந்து இயந்திரத்தில் கடைந்தெடுத்த செட்டுக்குத்தான். சுருங்க வேண்டியதெல்லாம் கடைவதற்கு முன்பே சுருங்கி முடிந்துவிடுகிறது.

அளவு எடுப்பதில் தவறினால் எந்த இயந்திரமும் காப்பாற்றாது. வாய்க்குள் விடும் ஸ்கேனர், கன்னமும் நாக்கும் அசையும்போது ஓரம் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சரியாகப் பிடிப்பதில்லை. பல் இல்லாத வாய்க்கு ஓரங்களை அசைத்துப் பதித்த அச்சை எடுத்து, அதை ஸ்கேன் செய்வதே பாதுகாப்பு.

பிரிண்டருக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு: செட் தொலைந்தால் கோப்பிலிருந்து மறுபடி அச்சிடலாம். முதன்முறை செட் கட்டுபவருக்கு, பற்களோடு ஒரு சோதனைச் செட்டை அச்சிட்டு வாயில் வைத்துப் பார்க்கவும் முடியும்.

எந்த முறையானாலும் மருத்துவர் அழுத்தம் காட்டும் பசையை உட்புறம் தடவிப் பார்க்கட்டும். பசை விலகிய இடம் ஈறை அழுத்துகிறது என்று பொருள். அதை மட்டும் தேய்க்க வேண்டும். பிறகு மேல் முன்பற்களை உள்ளிருந்து வெளிப்புறமாகத் தள்ளிப் பாருங்கள். பின்விளிம்பு சட்டென்று விட்டுக்கொடுத்தால் செட்டை அங்கேயே திருப்பிக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.