டாஸ்க் வழி ஆங்கிலம்: ஆசிரியர் பயிற்சி வகுப்புக்குக் காசு கட்டலாமா?

பள்ளியில் ஆங்கிலம் எடுப்பவர்களுக்காக ஒரு தனியார் மையம் நடத்தும் வார இறுதிப் பயிற்சி இது. இலக்கணத்தை நடத்திவிட்டு அப்புறம் பயிற்சி கொடுக்கும் வழக்கத்தை விட்டு, பிள்ளைகள் கையில் ஒரு வேலையைக் கொடுத்து, அதை முடிக்கிற போக்கிலேயே ஆங்கிலத்தைப் பழக்குவது எப்படி என்பதுதான் பாடம். சேரலாம். ஆனால் இதை மட்டும் நம்பிக்கொண்டு வகுப்புக்குள் போய்விடாதீர்கள்.

பயிற்சியில் நன்றாக இருந்தது, எங்களையே மாணவர்களாக உட்கார வைத்ததுதான். ஒரு ரயில் அட்டவணையைக் கொடுத்தார்கள். காலை பத்து மணிக்குத் திருச்சியில் நேர்காணல், விழுப்புரத்தில் எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும், அது அரை மணி நேரம் தாமதமானால் என்ன செய்வது என்று கேள்வி. விடையைத் தேடும் மும்முரத்தில், தமிழ் வழியில் படித்து வந்தவர்கள்கூட கூச்சம் மறந்து ஆங்கிலத்தில் வாதாடினார்கள்.

அப்புறம் ஒரு மூத்த ஆசிரியை எழுந்து, "சார், பையன் சரியான வண்டியைச் சொல்லிட்டு வாக்கியத்தைத் தப்பா எழுதினா மார்க் போடலாமா?" என்று கேட்டார். விடைக்கு மார்க் போடுங்கள் என்றார் பயிற்சியாளர். அறையே கொதித்துப் போனது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் செயப்பாட்டுவினையும் அயற்கூற்றும் கேட்கிறார்களே, அதற்கு யார் பதில் சொல்வது? நியாயமான கேள்வி, அதற்கு அங்கே பதில் கிடைக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது இன்னொரு விஷயத்தில். எதை எடுத்தாலும் நான்கு பேர் குழு. ஐம்பது பிள்ளைகள் நெருக்கி உட்காரும் வகுப்பில் குழு பிரித்தால் ஒருவன் வேலை செய்வான், மற்றவர்கள் தமிழில் கதை பேசுவார்கள், பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வரும் என்று ஆளாளுக்குச் சொல்லியும், 'போகப் போகப் பழகிவிடும்' என்று முடித்துவிட்டார்கள்.

இந்த முறைக்கு உலகமே முன்னோடியாகக் காட்டும் பெங்களூர் திட்டத்தை, ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை நடத்தினார், நம்முடைய சென்னை, கடலூர் பள்ளிகளும் அதில் இருந்தன. அதில் ஆசிரியர் முதலில் ஒரு வேலையை முழு வகுப்போடும் கேள்வி கேட்டுக் கேட்டே முடிப்பார், அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனித்தனியாகச் செய்வார்கள். குழுவில் விட்டால் ஒருவர் பேசும் அரைகுறை ஆங்கிலமே மற்றவருக்கும் படிந்துவிடும் என்று பிரபு அதைத் தவிர்த்தார். பெரிய வகுப்புக்கு இதைவிடத் தோதான வழி எனக்குத் தெரியவில்லை. பயிற்சியிலோ அவர் பெயர்கூட வரவில்லை, காட்டிய வீடியோக்கள் எல்லாம் பதினைந்து பேர் உட்காரும் வெளிநாட்டு வகுப்புகள்.

ஆறு முதல் எட்டு வரை எடுப்பவர்கள் தாராளமாகப் போகலாம், தேர்வு நெருக்கடி குறைவு. பத்தாம் வகுப்பு எடுப்பவர்கள், ஐம்பது பேர் வகுப்பில் ஒரு பாடம் நடத்திக் காட்டுவீர்களா என்று கேட்டுவிட்டுக் காசு கட்டுங்கள்.