புதுச்சேரியில் வாங்கிய துப்பாக்கிப் பெட்டி

டெல்லி துக்ளகாபாத்தில் சுடும் போட்டி. என் பாயிண்ட் 22 ரைஃபிளை விமானத்தில் கொண்டுபோக, புதுச்சேரிக் கடை ஒன்றில் இந்தப் பெட்டியை வாங்கினேன். கடலூர் பஸ்ஸில் கண்டக்டர், "உள்ள வீணையா சார்?" என்றார்.

பெட்டி நல்ல உறுதி. சென்னையில் செக்-இன் கவுண்டரில் அசல் லைசென்ஸைக் கொடுத்து, போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பாகத்தைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டினேன். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்சில் கீறல்கூட இல்லை. தோட்டாக்கள் தனி டப்பாவில்; ஆளுக்கு 5 கிலோதான் வரம்பு. 50 தோட்டா கால் கிலோகூட வராது, அதனால் அந்தக் கவலை இல்லை.

பூட்டுதான் மோசம். டெல்லியில் இறங்கியதும் நம்பர் சக்கரம் ஒன்று சிக்கிக்கொண்டது. கடைக்காரருக்குப் போன் போட்டால், "எண்ணெய் விடுங்கண்ணே" என்கிறார். இப்போது திண்டுக்கல் பூட்டு இரண்டு தொங்குகின்றன.