விரல் நுனியா, மேல்கையா: அம்மாவின் சீனியை எதில் பார்ப்பது?

லண்டனிலிருந்து அண்ணா அனுப்பிய பொதியில் சொக்லேட் இருக்கும் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். உள்ளே இருந்தவை, கையில் ஒட்டிச் சீனியைப் பார்க்கும் சென்சார் இரண்டு பெட்டிகளும் ஒரு பழைய போனும். ஒரு நாட்டில் வாங்கிய சென்சார் இன்னொரு நாட்டின் செயலியோடு சேராமல் போகலாம் என்பதால், அங்கேயே எல்லாவற்றையும் பதிந்து போனையும் கூடவே அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு 72 வயது. சீனி வருத்தம் தொடங்கி இருபது வருடமாகிறது. காலையும் மாலையும் கலப்பு இன்சுலின் போடுகிறார். "இனி விரல் குத்தத் தேவையில்லை அம்மா" என்று அண்ணா வீடியோவில் சொன்னார். அது பாதி உண்மைதான்.

விரல் குத்தும் மீற்றரை முதலில் பார்ப்போம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் எங்கள் ஒழுங்கையிலேயே நாலு வீட்டில் அது இருக்கிறது. ஒரு துளி இரத்தம், சில விநாடிகளில் ஓர் எண். சர்வதேசத் தரத்தின்படி 100-க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 95 தடவை உண்மையான எண்ணுக்கு 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்டலாம். அதாவது உண்மையில் 200 என்றால் மீற்றர் 170 என்றும் காட்டலாம், 230 என்றும் காட்டலாம். அந்தளவு பிசகு பரவாயில்லை. பெரிய பிசகு நம் கையிலிருந்துதான் வருகிறது. மாம்பழம் வெட்டிய விரலைக் கழுவாமல் குத்தினால் மீற்றர் இரத்தத்தோடு மாம்பழச் சாற்றையும் சேர்த்து அளக்கும். அம்மாவுக்கு ஒருநாள் 290 வந்து வீடே கலங்கியது. சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுக் குத்தினால் 160. இரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப் டப்பாவும் வெக்கைக்கு ஆகாது. பெரும்பாலானவற்றை 30 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே அது லேசான காரியமா?

இதைவிடப் பெரிய குறை, நாங்கள் எப்போதும் விடிய வெறும் வயிற்றில் மட்டும் குத்துவது. கிளினிக் கொப்பி முழுக்க அந்த ஒரே நேரத்து எண்கள்தான். பிட்டு சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து என்ன நடக்கிறது என்று அந்தக் கொப்பிக்குத் தெரியாது. சாப்பிட முதல் ஒன்று, இரண்டு மணித்தியாலம் கழித்து ஒன்று என்று சோடியாகக் குத்தினால் அதே மீற்றர் எவ்வளவோ சொல்லும்.

சரி, சென்சார். ஐந்து ரூபாக் குத்தியைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். மேல்கையின் பின்புறம் ஒட்டியதும் மயிர் போன்ற ஓர் இழை தோலுக்குக் கீழே ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் இறங்குகிறது. விரல் குத்திச் சரிபார்க்காமலே ஓடும் வகை 2014-இல் ஐரோப்பாவில் லிப்ரே என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இப்போது வேறு நிறுவனங்களுடையதும் உண்டு. அம்மாவினது 14 நாள் வகை. இது இரத்தத்தை அளப்பதில்லை என்பதை அண்ணா சொல்லவில்லை. உடம்பின் கலங்களுக்கு (செல்களுக்கு) இடையிலுள்ள திரவத்தைத்தான் அளக்கிறது. ஆகவே சீனி வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடங்கள் பிந்தியே காட்டும். அதற்குப் பதிலாக மீற்றரிடம் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: அம்புக்குறி. 110 என்ற எண் அசையாமல் நிற்கிறதா, கீழே விழுந்துகொண்டிருக்கிறதா என்று தெரிவது இன்சுலின் போடுகிறவருக்குப் பெரிய விஷயம்.

முதல் வாரத்திலேயே ஒரு கூத்து நடந்தது. சென்சார் எண்கள் செயலி வழியாக அண்ணாவின் போனுக்கும் போகின்றன. இரவு மூன்று மணிக்கு அவருடைய அழைப்பு. அங்கே இரவு ஒன்பதரை, அவர் விழித்திருந்தார். "அம்மாவுக்கு 3.2, எழுப்புங்கோ!" இங்கிலாந்துக் கணக்கை 18-ஆல் பெருக்கினால்தான் எங்கள் எண் வரும், கிட்டத்தட்ட 58. ஓடிப்போய் விரலைக் குத்தினால் 98. அம்மா அந்தக் கைப்பக்கமாகச் சரிந்து படுத்திருந்தார், அவ்வளவுதான். அழுத்தத்தில் இழையைச் சுற்றியுள்ள திரவ ஓட்டம் குறைந்து எண் பொய்யாக இறங்கும். எந்த நிறுவனத்துச் சென்சாரிலும் இது நடக்கும். அம்மா கேட்டது: "அவனுக்கு அங்கை வேறை வேலை இல்லையோ?"

ஆனால் நாலு நாள் கழித்து அதே நேரத்தில் இன்னோர் அழைப்பு. இந்தத் தடவை விரலும் 61 என்றது. அம்மாவுக்கு வியர்வை இல்லை, நடுக்கமும் இல்லை, தூக்கத்திலேயே போயிருப்பார். சீனித் தண்ணீர் கொடுத்தோம். விடிய 110. அந்த 110-தான் கிளினிக் கொப்பியில் ஏறியிருக்கும், "நல்லா இருக்கு" என்ற பாராட்டோடு. வரைபடத்தைக் காட்டியபிறகு வைத்தியர் மாலை இன்சுலினைக் குறைத்தார். இந்த ஓர் இரவுக்காகவே அண்ணாவின் காசுக்கு நான் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாவதாக எச்பிஏ1சி. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அதில் ஒட்டிய சீனியை வைத்துக் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் சோதனை. 7 சதவீதம் என்றால் சராசரி 154. கிளினிக்குக்கு முதல் மூன்று நாள் மட்டும் பத்தியம் பிடிக்கிறவர்களை இதுதான் கையும் களவுமாகப் பிடிக்கும். எங்கள் பெரியப்பா அப்படித்தான் மாட்டினார். ஆனால் இரவில் 60, பகலில் 250 என்று ஆடுகிறவருக்கும் நாள் முழுக்க ஒரே சீராக இருப்பவருக்கும் அது ஒரே எண்ணைக் கொடுத்துவிடும். இரத்தச்சோகை இருந்தாலோ, அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலோ நம்பமுடியாது.

மெட்போமின் மட்டும் குடிக்கிறவருக்குச் சென்சார் வீண் செலவு என்பது என் எண்ணம். அந்த மருந்து தனியாகச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. வருடம் முழுக்க ஒட்டினால் 26 சென்சார் வேண்டும். அந்தக் காசில் ஸ்ட்ரிப்பும் வாங்கலாம், மூன்று மாதத்துக்கொரு தடவை எச்பிஏ1சி-யும் எடுக்கலாம், மிச்சத்தில் கால் புண்ணாகாமல் நல்ல செருப்பும் வாங்கலாம். இன்சுலின் போடுகிறவர், கிளிக்லசைட் போன்ற மாத்திரை குடிக்கிறவர், அதிலும் தனியாகப் படுக்கும் வயதானவர் என்றால் கணக்கு வேறு. அவர்களுக்கும் மீற்றரைத் தூக்கிப் போடக் கூடாது. உடம்பு சொல்வதும் போன் சொல்வதும் ஒத்துவராதபோது விரலைத்தான் கேட்க வேண்டும்.

செயலி முழுக்க ஆங்கிலம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 19ஆம் நூற்றாண்டில் இதே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். அம்மா இன்று அம்புக்குறியை மட்டும் பார்த்துச் சமாளிக்கிறார்.

பதினான்காம் நாள் சென்சாரைக் கழற்றினோம். இரண்டாவதை உடனே ஒட்டுவோம் என்றால் அம்மா விடவில்லை. அது ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது, கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுக்கும் காலத்துக்காக.