சீட்டுக் கடன் தகராறும் ஸ்காபரோ ட்ரஸ்டி அலுவலகமும்

போன வருடம் கடனைக் கட்ட முடியாமல், கனடாவில் ஸ்காபரோவிலுள்ள ஒரு ட்ரஸ்டி (வங்குரோத்து அலுவல்களை நடத்த உரிமம் பெற்றவர்) மூலம் நான் வங்குரோத்துக்குப் போனேன். வெளியில் சொல்ல வெட்கமான விஷயம்தான். ஆனால் யாரிடம் கேட்பதென்று தெரியாமல் எங்கள் ஆட்கள் பலர் தவிப்பதால் எழுதுகிறேன்.

இரண்டு கிரெடிட் கார்ட், ஒரு வங்கிக் கடன். அவற்றில் தகராறே இல்லை. பதிவு செய்ததும் வசூல்காரரின் போன்கள் நின்றுவிட்டன. தலையிடி சீட்டில்தான். மாதம் 1,000 டொலர், 20 பேர். ஆறாம் மாதமே கழிவு போட்டு எடுத்தேன். அப்புறம் நாலு மாதம் கையில் காசாகக் கட்டினேன், அதோடு வேலை போய்விட்டது. மிச்சம் 10,000 என்றேன் நான். சீட்டுப் பிடித்த அக்கா 14,000 என்று ட்ரஸ்டிக்குப் படிவம் நிரப்பி அனுப்பிவிட்டா.

ட்ரஸ்டி அலுவலகத்தில் தமிழ் பேசும் ஒரு பிள்ளை வேலை செய்கிறா. "நீங்கள் என்ரை பக்கம்தானே பிள்ளை?" என்று கேட்டேன். "இல்லை அண்ணை, கடன் குடுத்தவைக்கும் சேர்த்துத்தான் நாங்கள் பாக்கிறது" என்றா. அன்றைக்கு மனம் நொந்துபோனது. ஆனால் அந்த நேர்மைக்காகத்தான் இந்த இடத்தை மற்றவர்களுக்கும் சொல்கிறேன்.

14,000 என்றாலும் 10,000 என்றாலும் நான் கட்டும் தொகை மாறாது, கடன் கொடுத்தவர்களுக்குள் பிரியும் பங்குதான் மாறும் என்று ட்ரஸ்டி விளக்கினார். எனக்கு அது போதவில்லை. கட்டிய காசைக் கட்டவில்லை என்றால் நான் பொய்க்காரன் ஆகிறேனே. வங்கிக் கணக்கில் காசு எடுத்த திகதிகளையும், "கிடைச்சுது தம்பி" என்று அக்கா அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று மாதத்துக்குத்தான் செய்தி இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்து 11,000 என்று தீர்மானித்தார். நாலாவது மாதக் காசு போனது போனதுதான். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அக்காவுக்கும் கடிதம் போனது. 30 நாளுக்குள் கோர்ட்டுக்குப் போக உரிமை இருந்தும் அவ போகவில்லை.

ஒரு குறை உண்டு. முதல் சந்திப்பில் வங்கிக் கடன்களைப் பற்றி மட்டுமே கேட்டார்கள். சீட்டையும் கைமாற்றையும் அப்போதே கேட்டிருந்தால் இரண்டு மாத இழுபறி இல்லாமல் போயிருக்கும். அண்ணனிடம் வாங்கிய 6,000ஐ முதலில் அடைத்துவிடலாம் என்றுகூட இருந்தேன். நல்லகாலம், வாய்விட்டுக் கேட்டேன். வங்குரோத்துக்கு முந்தைய 12 மாதத்தில் சொந்தக்காரருக்கு மட்டும் கட்டிய காசைத் திரும்பக் கேட்க ட்ரஸ்டிக்கு வழி உண்டாம்.

மாதம் 200 டொலர் கட்டினேன், கட்டாய ஆலோசனை வகுப்பு இரண்டுக்குப் போனேன், ஒன்பது மாதத்தில் கடன்களிலிருந்து விடுவிப்புக் கிடைத்தது. போகிறவர்கள் ட்ரஸ்டியிடம் நேரே போங்கள். உரிமம் இல்லாத "கடன் ஆலோசகர்" ஒருவர் அதே ட்ரஸ்டியிடம் கூட்டிப்போக என்னிடம் முன்பணம் கேட்டார். அந்த அலுவலகத்திலோ முதல் சந்திப்புக்கு ஒரு சதமும் வாங்கவில்லை. சீட்டுக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள்.