ஓட்ஸா, ராகிக் களியா?

கோத்தகிரிப் பக்கம் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிற பலரும் கேட்பது இதுதான்: வீட்டுக் களியை விட்டுவிட்டு ஓட்ஸுக்கு மாறணுமா?

விலை: ராகிதான் மலிவு.

வேலை: ஓட்ஸுக்கு ஐந்து நிமிடம் போதும். களியைக் கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டிக் கிண்டித் தோளே வலிக்கும்.

சத்து: 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், ஓட்ஸ் கிட்டவே வராது. ஆனால் ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்கிற நார்ச்சத்து தினமும் 3 கிராம் சேர்ந்தால் கெட்ட கொழுப்பு குறையும், டாக்டர்கள் சொல்வதும் அதனால்தான்.

சர்க்கரை: ராகியும் மாவுச்சத்துதான். ஆவி பறக்கிற உருண்டையைக் குழித்து அவரைக் குழம்பை ஊற்றினால் இரண்டாவதுக்கும் கை நீளும், கவனம்.

அதனால் கொழுப்பு கூடியவர்களுக்கு இனிப்பில்லாத ஓட்ஸ். வளரும் பிள்ளைக்கும் வயதான அம்மாவுக்கும் களி. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சின்ன உருண்டை ஒன்று, அவரை நிறைய.