ஹோம் தியேட்டருக்கு டிவி ஸ்டாண்ட் வாங்குகிறீர்களா? பில்லில் பலகையின் பெயரும் கனமும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்

55 இன்ச் டிவி, 5.1 ஆம்ப்ளிஃபையர் (ஐந்து ஸ்பீக்கரையும் ஒரு சப்வூஃபரையும் இயக்குவது), சென்டர் ஸ்பீக்கர், செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் தாங்கும் என்று சொல்லி ஒரு ஃபர்னிச்சர் கடையில் 18,000 ரூபாய்க்கு ஒருவருக்கு ஒரு ஸ்டாண்டை விற்றிருக்கிறார்கள். ஆறே மாதத்தில் நடுத்தட்டு தொங்கிவிட்டது. படம் ஓடும்போது ஆம்ப்ளிஃபையர் பாதியில் தானாக அணைகிறது. ஒரு சக்கரம் ஸ்க்ரூவோடு பிய்ந்து வந்துவிட்டது. கேட்டால், "ஆர்டர் கொடுத்துச் செய்த பொருள், ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள். கடையில் காட்டிய சாம்பிளில் தட்டு 18 மி.மீ.; வீட்டுக்கு வந்ததில் 12 மி.மீ. பில்லிலோ "டிவி யூனிட் - 1" என்பதைத் தவிர எதுவும் இல்லை.

"டீக் ஃபினிஷ்" என்று சொல்லி விற்பதில் பெரும்பாலும் தேக்கு ஒரு துளியும் இருக்காது. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டின் மேல் தேக்கு ரேகை அச்சடித்த தாளை ஒட்டியிருப்பார்கள். கண்டுபிடிப்பது சுலபம். வயர் விடுவதற்காகப் போட்ட ஓட்டையின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, வெட்டுமுகத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிராய்த்தூள் அப்பியதுபோல் பொரபொரவென்று இருந்து, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தால் பார்ட்டிகிள் போர்டு. ஒரே சீராக, பழுப்பு நிறத்தில், வரி எதுவும் இல்லாமல் இருந்தால் மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட். இந்த மூடியைக் கழற்ற விடாத கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

பார்ட்டிகிள் போர்டே ஆகாது என்று சொல்லவில்லை. 18 மி.மீ. கனம், எல்லா ஓரத்திலும் எட்ஜ் பேண்ட் (வெட்டிய ஓரத்தை மூடி ஒட்டும் பட்டை), தரையிலிருந்து 10 செ.மீ. உயரக் கால் இருந்தால் பல வருடம் உழைக்கும். கால் இல்லாமல் தரையோடு உட்கார்ந்த ஸ்டாண்ட், வீடு துடைக்கும் தண்ணீரிலேயே அடி ஊதி உப்பிவிடும். சக்கரம் பிய்ந்ததற்கும் இந்தப் பலகைதான் காரணம்: நேரடியாக முடுக்கிய ஸ்க்ரூ, ஸ்டாண்டை இழுக்கும்போதெல்லாம் துளையைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். கடலோர ஊரிலோ ஈரம் ஏறும் தரைத்தளத்திலோ இருப்பவர்கள் தண்ணீரைத் தாங்கும் ரகத்துக்கான ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட்டில் செய்யச் சொல்லுங்கள். மற்ற இடங்களுக்குப் பொதுப் பயன்பாட்டு ரகமான ஐ.எஸ். 303 போதும்.

தட்டு தொங்கியதற்குக் காரணம் எடை மட்டுமல்ல. பலகையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் (கனம் × கனம் × கனம்) ஏறும்; அதனால் 12 மி.மீ. தட்டுக்கு 18 மி.மீ. தட்டின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதையும் நடுவில் தாங்கு இல்லாமல் 90 செ.மீ. நீளத்துக்குப் போட்டு, மேலே பத்துக் கிலோ ஆம்ப்ளிஃபையரை வைத்தால் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வளையத்தான் செய்யும். 60 செ.மீ.க்கு ஒரு செங்குத்துப் பலகை கண்டிப்பாக வேண்டும். "60 கிலோ தாங்கும்" என்று ஒட்டிய ஸ்டிக்கர் மொத்த ஸ்டாண்டுக்கா, ஒரு தட்டுக்கா என்று கேளுங்கள்.

அடுத்தது ஆழம். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். ஏ.வி. ரிசீவர்கள் (ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபையர்கள்) அகலத்தில் சுமார் 43.5 செ.மீ., உயரத்தில் 15 முதல் 17 செ.மீ., ஆழத்தில் 32 முதல் 39 செ.மீ. வரை இருக்கும். பின்னால் எச்.டி.எம்.ஐ. வயரும் ஸ்பீக்கர் வயரும் மடங்காமல் திரும்ப இன்னும் 6 செ.மீ. விடவேண்டும். ஆக, உள்ளளவு 45 செ.மீ. கடையில் "40 செ.மீ. ஆழம்" என்பது வெளியளவு, உள்ளே 38தான் கிடைக்கும். அதில் திணித்தால் பின்பலகை பிளக்கை அழுத்தி, நாளடைவில் எச்.டி.எம்.ஐ. போர்ட்டே ஆட்டம் காணும்.

ஆம்ப்ளிஃபையர் அணைந்தது அதன் கோளாறல்ல. சூடு மேல்மூடியின் துளைகள் வழியாகத்தான் வெளியேறும். அதற்கு மேலே குறைந்தது 10 செ.மீ. காலியாக இருக்கவேண்டும். அந்த ஸ்டாண்டில் 3 செ.மீ.தான் இருந்தது, பின்பக்கமும் மூடியே இருந்தது. சூடு ஏறியதும் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் அதை அணைத்துவிடுகிறது. இதற்காக ஆசாரியைக் கூப்பிட்டுப் பின்பலகையை முழுசாக எடுத்துவிடாதீர்கள். அந்த 3 மி.மீ. பலகைதான் ஸ்டாண்ட் பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் 10 செ.மீ. சட்டம் விட்டு நடுவை மட்டும் வெட்டச் சொல்லுங்கள்.

சென்டர் ஸ்பீக்கரைத் தட்டின் முன்விளிம்போடு ஒட்டி வையுங்கள். உள்ளே தள்ளினால் வசனம் கும்மென்று கேட்கும். பேஸ் சத்தம் தரும் சப்வூஃபருக்கு இடம் தரை. ஸ்டாண்டுக்குள் வைத்தால் கண்ணாடிக் கதவு அதிரும். உட்கார்ந்தால் கண் சுமார் 1 மீட்டர் உயரத்தில் இருக்கும், 55 இன்ச் டிவிக்கு ஸ்டாண்ட் 50 முதல் 60 செ.மீ. உயரம் சரியாக வரும். டிவியின் இரண்டு காலுக்கும் இடையே உள்ள தூரத்தையும் அளந்துகொண்டு போங்கள்.

பில்லில் பலகையின் வகை, ஒவ்வொரு தட்டின் கனம், உள்ளளவு, பின்பலகையின் விவரம் ஆகிய நான்கையும் எழுதி வாங்குங்கள். டெலிவரி வந்ததும் ஆட்கள் போகுமுன் டேப்பை வைத்து அளந்து போட்டோ எடுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் "ரிட்டர்ன் கிடையாது" என்ற பேச்சை நம்பி விட்டுவிட வேண்டாம். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிகம். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தீராவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.