முழங்கால் பிரேஸா, இருபது நிமிடப் பயிற்சியா: எங்கள் வலைப்பந்து அணி எடுத்த முடிவு

எங்கள் அணியில் சென்டராக, அதாவது நடு ஆட்டக்காரியாக, ஆடியவளுக்கு அப்போது வயது 16. வலய மட்டப் போட்டி, முடிய ஐந்து நிமிடம் இருக்கும். உயர்ந்து வந்த பந்தை எட்டிப் பிடித்து வலது காலில் இறங்கினாள். யாரும் இடிக்கவில்லை, தள்ளவும் இல்லை. இறங்கிய முழங்கால் உள்பக்கமாகச் சரிந்ததைக் கோட்டுக்கு வெளியே நின்ற நான் கண்ணால் பார்த்தேன். "டொக் எண்டு கேட்டுது மிஸ்" என்றாள், அழுகைக்கு நடுவில். முழங்காலுக்குள் இருக்கும் முன்குறுக்குச் சவ்வு, டொக்டர்கள் ஏ.சி.எல். என்பார்கள், முழுதாக அறுந்திருந்தது.

மற்றப் பிள்ளைகளின் முழங்காலை எதைக் கொண்டு காப்பது? அன்றிரவு தொடங்கிய கேள்வி இது. எங்கள் முன் இருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, முழங்காலைச் சுற்றிக் கட்டும் பிரேஸை ஆளுக்கொன்று வாங்கிக் கொடுப்பது. மற்றது, பயிற்சி தொடங்கும் முன் இருபது நிமிடம் ஒழுங்காக உடம்பைத் தயார் செய்வது. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். மூன்று பருவம் அதோடு ஓடிவிட்டது. நான் சாய்வது அந்தப் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சப்பாத்து, தரை இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. அடி தேய்ந்த சப்பாத்தோடு ஆட விடாதீர்கள். திருகோணமலையில் சீமெந்துத் தரை என்றால் மேலே மணல் ஏறித்தான் கிடக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலையில் கூட்டினால் மாலையில் மறுபடி மணல். ஆட்டத்துக்கு முன் கூட்டிவிடுங்கள். அவ்வளவுதான்.

சரி, சவ்வு எப்படி அறுகிறது என்று தெரியாமல் இரண்டு வழிகளையும் எடை போட முடியாது. ஏ.சி.எல். அறுவதில் பெரும்பகுதி, பத்துக்கு ஏழு என்று சொல்லலாம், வேறொருவர் மோதி நடப்பதில்லை. ஓடி வந்து சட்டென்று நிற்கும்போது, திரும்பும்போது, குதித்து இறங்கும்போது தானாக நடக்கிறது. வலைப்பந்தில் இந்த மூன்றும் ஒரே நொடியில் வரும். பந்தைப் பிடித்தவர் இறங்கிய காலைத் தூக்கலாம், ஆனால் பந்தை விடும் முன் அதை மறுபடி தரையில் வைக்கக் கூடாது என்பது விதி. ஆகவே ஓடிவந்த வேகம் முழுவதையும் அந்த ஒரு கால் வாங்கிக்கொள்கிறது. முழங்கால் மடியாமல் விறைப்பாக இருந்து, உள்பக்கமாகவும் சரிந்தால், கால் தரையைத் தொட்டு ஏறத்தாழ ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் சவ்வு போய்விடும். யோசித்துத் திருத்த நேரமே கிடையாது. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதும் சேர்ந்துதான் எங்களைப் பயமுறுத்தியது.

பிரேஸ் பக்கம் முதலில் என்னை இழுத்தவர் சுவிஸில் இருக்கும் என் பெரியண்ணா. அவர் பனிச்சறுக்கில் இதே சவ்வை அறுத்துக்கொண்டு சத்திரசிகிச்சை செய்தவர். "தங்கச்சி, இது இல்லாமல் எனக்கு மலைப்பக்கம் போக மனம் வராது" என்று சொல்லி, பக்கங்களில் உலோகக் கீல் வைத்த பிரேஸ் இரண்டை ஊருக்கு வந்தவர்களிடம் கொடுத்தனுப்பினார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஏ.சி.எல். சத்திரசிகிச்சை செய்துகொண்டு பனிச்சறுக்குத் தலங்களில் வேலை செய்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. பிரேஸ் போடாதவர்களுக்கு மறுபடி முழங்காலில் அடிபடும் வாய்ப்பு, போட்டவர்களைவிட ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு அதிகமாக இருந்தது.

ஆனால் அது ஏற்கெனவே அறுந்து தைத்த முழங்காலின் கதை. நல்ல முழங்காலுக்கு அந்தக் கணக்கை அப்படியே எடுத்துவைக்க முடியாது. அதோடு பனிச்சறுக்கில் விசை வரும் வழியும் வேறு. அங்கே காலில் கடினமான பூட்ஸ், அதன் கீழே நீளமான பலகை. விழும்போது பலகையைக் கழற்றிவிடும் பூட்டு வந்த பிறகு கீழ்க்கால் எலும்பு முறிவது வெகுவாகக் குறைந்தது, முழங்கால் சவ்வு அறுவது மட்டும் குறையவில்லை. பின்பக்கமாகச் சாய்ந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விட்டால், பலகையின் வால் நெம்புகோல் மாதிரி முழங்காலைத் திருகிவிடுகிறது.

அங்கேயும் பெரிய பலனைக் கொடுத்தது பழக்கம்தான் என்பதை அண்ணாவிடமே சொன்னேன். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஆய்வாளர்கள் 1990களில் பனிச்சறுக்குப் பயிற்றுநர்களுக்கும் மீட்புக் காவலர்களுக்கும் வீடியோ காட்டி, எந்த நிலையில் முழங்கால் ஆபத்தில் இருக்கிறது என்பதை அடையாளம் காணப் பழக்கினார்கள். கைகளை முன்னே வைத்திரு, கால்களைச் சேர்த்து வை, விழுந்தால் சறுக்கல் நிற்கும்வரை எழும்பப் பார்க்காதே, காலை முழுதாக நீட்டாதே. சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். பழகியவர்களிடம் பெரிய முழங்கால் காயங்கள் 62 சதவீதம் குறைந்தன. காலில் புதிதாக எதையும் மாட்டாமலே கிடைத்த பலன் அது.

இனி எங்கள் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். அது பராமரிப்பு. வாங்கும் விலையை மட்டும் பார்த்திருந்தால் எப்படியாவது காசு சேர்த்துப் பிரேஸ் வாங்கியிருப்போம். பழைய மாணவிகளும் தருவதாகச் சொன்னார்கள். அண்ணா அனுப்பிய இரண்டும் எங்களிடம் என்ன பாடுபட்டன என்று பார்த்த பிறகுதான் மனம் மாறியது.

முதல் மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் வெல்க்ரோவில் மணலும் நூலும் ஏறி, ஒட்டுவது தளர்ந்தது. நான் பழைய பல்துலக்கும் பிரஷ் வைத்து ஒவ்வொரு கொக்கியாகக் கிளறி மணலை எடுப்பேன். இரண்டு நாளில் மறுபடி நிறைந்துவிடும். நம் வெயிலில் ஓர் ஆட்டம் முடியும்போது உள்ளே இருக்கும் பஞ்சு பிழிந்தால் தண்ணீர் வரும். கழுவினால் நிழலில் காய ஒன்றரை நாள். அடுத்த நாள் பயிற்சிக்கு ஈரத்தோடு போட்ட பிள்ளைக்கு முழங்கால் பின்மடிப்பில் சிவந்து தடித்தது. கடலை ஒட்டிய ஊரில் உப்புக் காற்று எதையும் விடாது. நான்காம் மாதம் கீல் ஆணியில் துரு. எண்ணெய் விட்டேன். அந்த எண்ணெயில் மணல் ஒட்டி இன்னும் இறுகியது. ஓடும்போது பிரேஸ் வியர்வையில் வழுக்கி இரண்டு விரல் கீழே இறங்கிவிடும். இறங்கிய பிரேஸில் கீல் முழங்காலுக்கு நேராக இருக்காது. அந்த நேரத்தில் அதைப் போட்டும் பிரயோசனம் இல்லை, போட்டிருக்கிறோம் என்ற தைரியம் மட்டும் இருக்கும்.

அளவும் ஒரு பிரச்சினை. வளரும் வயது. 14இல் பொருந்தியது 15இல் பொருந்தாது. ஒருத்தி விட்டதை இன்னொருத்திக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தோம். தொடைச் சுற்றளவு ஒத்துவர வேண்டுமே. பாமசியில் விற்கும் துணி உறையும் சிலர் போட்டுப் பார்த்தார்கள். அது சூடாக வைத்திருக்கும், இறுக்கமாக இருப்பது ஒரு தெம்பு தரும். குதித்து இறங்கும் முழங்கால் உள்ளே சரிவதைத் தடுக்கும் வலு அதற்குக் கிடையாது.

பயிற்சிக்கும் பராமரிப்பு உண்டு. இதை மறைத்தால் நான் நேர்மையாக எழுதவில்லை என்று அர்த்தம். ஃபிஃபா 11+ என்று உதைபந்தாட்டத்துக்கு ஒரு திட்டம் இருக்கிறது. முதலில் எட்டு நிமிடம் மெதுவோட்டம், அப்புறம் பத்து நிமிடம் தசை வலு, சமநிலை, குதிப்பு, கடைசியில் இரண்டு நிமிடம் வேக ஓட்டம். நோர்வேயில் 13 முதல் 17 வயதுவரையான பெண்பிள்ளைகள் 1892 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2008இல் வந்தது. இதைச் செய்த அணிகளில் பெரிய காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. சுவீடனில் 2012இல் வந்த இன்னொரு ஆய்வில், 15 நிமிடப் பயிற்சியை வாரம் இரண்டு தடவை செய்த பெண்பிள்ளைகளுக்கு ஏ.சி.எல். காயம் 64 சதவீதம் குறைவு. வலைப்பந்துக்கென்றே நெட்பால் ஆஸ்திரேலியா ஒரு முழங்கால் திட்டத்தை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. நாங்கள் 11+ஐ எடுத்து, அதில் வலைப்பந்து இறக்கத்தைச் சேர்த்துக்கொண்டோம்.

ஆனால் நோர்வேயில் 11+க்கு முன் வந்த '11' என்ற பழைய வடிவத்தைச் சோதித்தபோது பலன் எதுவும் தெரியவில்லை. அணிகள் அதை ஒழுங்காகச் செய்யாமல் விட்டது அதற்கு ஒரு முக்கிய காரணம். ஆகவே இந்த வழியில் துருப்பிடிப்பது கீல் அல்ல, பழக்கம். எங்களுக்கும் பிடித்தது. இரண்டாம் பருவத்தில் வாடை மழை, அதோடு பரீட்சை. ஆறு வாரம் விட்டுவிட்டோம். திரும்பி வந்த முதல் நாள் பெட்டி மேலிருந்து குதிக்கச் சொன்னேன். மூன்று பிள்ளைகளின் முழங்கால் பழையபடி உள்ளே போனது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆனால் இந்தத் துருவைக் காசு இல்லாமல் துடைக்கலாம். நாங்கள் செய்தது இதுதான். வரவுப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டோம். பயிற்சிக்கு வந்தாள் என்பது ஒரு புள்ளடி, இருபது நிமிடத்தையும் செய்தாள் என்பது இன்னொன்று. இரண்டாவது இல்லாதவளுக்கு அன்று ஆட்டம் இல்லை, பந்து பொறுக்குவது மட்டும். இதில் தலைவிக்கும் சலுகை கிடையாது. பயிற்சியை நடத்துவது நான் அல்ல, வாரத்துக்கு ஒரு பிள்ளை. நான் வராத நாளிலும் அது நின்றுபோகக் கூடாது.

இறங்கும் பயிற்சியைச் சோடியாகச் செய்வோம். ஒருத்தி குதிக்க, எதிரே நிற்பவள் அவள் முழங்காலை மட்டும் பார்ப்பாள். முழங்கால் சப்பாத்தின் நடு விரல் திசைக்கு நேராக வர வேண்டும், உள்ளே போனால் "உள்ளே" என்று ஒரு சொல், அவ்வளவுதான். அப்புறம் எல்லோரும் ஒன்றாகக் குதிக்கும்போது நான் திரும்பி நின்றுகொள்வேன். பார்ப்பதைவிடக் கேட்பது சுலபம். விறைத்த காலில் இறங்கினால் சீமெந்தில் 'தொப்' என்று வரும். இடுப்பும் முழங்காலும் மடிந்து, முன்பாதத்தில் தொடங்கி இறங்கினால் ஒரு உரசல் சத்தம் மட்டும்தான். தொடங்கிய வாரத்தில் பதினாலு பேரும் குதித்தால் அரிசி மூட்டை இறக்குவது போல இருந்தது. மூன்றாம் மாதம் பக்கத்து மைதானத்துப் பையன்கள் கத்துவது கேட்டது.

நேரக் கணக்கும் பாருங்கள். எங்கள் பயிற்சி ஒன்றரை மணித்தியாலம், வாரம் மூன்று நாள். அதில் ஒரு மணித்தியாலம் இதற்குப் போகிறது. மாகாணப் போட்டி நெருங்கும்போது அந்த ஒரு மணித்தியாலம் வலிக்கும். உண்மையாகவே வலிக்கும். ஷூட்டிங் பழகலாமே என்று பெற்றோரும் கேட்டார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. எப்படியும் ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கத்தான் வேண்டும், மைதானத்தைச் சுற்றி ஓடி வீணாக்கிய பத்து நிமிடத்தை இதற்குள் சேர்த்தால் கூடுதலாகப் போவது பத்து நிமிடம்தான்.

இந்த மூன்று பருவத்தில் எங்கள் அணியில் வேறு யாருக்கும் ஏ.சி.எல். போகவில்லை. இதை வைத்துப் பெரிதாக எதையும் நிரூபிக்க நான் வரவில்லை. மொத்தம் இருபத்திரண்டு பிள்ளைகள், இப்படியொரு காயம் வராமலே மூன்று வருடம் போவது அதிர்ஷ்டத்தாலும் நடக்கும். ஆண்பிள்ளைகளை நான் பயிற்றுவித்ததில்லை. உதைபந்தாட்டத்தில் பக்கவாட்டில் வந்து இடிப்பார்கள். அந்த மாதிரி அடிக்குக் கீல் பிரேஸ் உதவக்கூடும், அதைப் போட்டு ஆடியவர்களிடம் கேளுங்கள்.

அடிபட்ட எங்கள் சென்டர் பதினோரு மாதத்துக்குப் பிறகுதான் கோட்டுக்குள் வந்தாள். 9 மாதம் முடியும் முன் ஆட இறங்கவே கூடாது என்று பிசியோ கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், வலி இல்லை என்று அவள் எத்தனை தடவை கெஞ்சினாலும் நாங்கள் அசையவில்லை. அவளுக்கு மட்டும் அண்ணாவின் பிரேஸ், கீல் ஆணியை மாற்றி. இருபது நிமிடமும் அவளுக்கு உண்டு. பிரேஸ் சவ்வைக் காத்ததா, அவளுடைய பயத்தைக் குறைத்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டில் எதுவானாலும் அவளிடமிருந்து அதைப் பறிக்க மாட்டேன்.

புதிதாகத் தொடங்கும் அணி எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டு மூச்சு வாங்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் இரண்டே இரண்டு பயிற்சி. ஒன்று, நான் சொன்ன சோடி இறக்கம். மற்றது, முழந்தாளிட்டு நிற்க, தோழி குதிக்கால்களைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னே சரிவது. தொடையின் பின்தசை எரியும், அந்தத் தசைதான் கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமல் பிடித்து இந்தச் சவ்வுக்குத் துணை நிற்பது. முதல் நாள் மூன்று தடவை செய்தால் போதும், ஐந்துக்கு மேல் போனால் மறுநாள் படி இறங்க முடியாமல் பிள்ளைகள் வராமல் நின்றுவிடுவார்கள். மழைக்காலத்தில் மைதானம் சேறாகிவிட்டால் வகுப்பறை விறாந்தையிலேயே இரண்டையும் செய்யலாம், ஓட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள். விறாந்தைத் தரை ஈரமா என்று முதலில் கையால் தொட்டுப் பாருங்கள்.